முழங்கால் கற்பித்த பாடம்



வரலாறு என்றவுடன் முடிமன்னரும் படையெடுப்பும் உடன்படிக்கையும் நினைவுக்கு வருவது இயல்பு. கரும்பலகையில் ஆண்டுகளை எழுதி எழுதிச் சுண்ணக்கட்டி தேய்த்த கை என் கை. ஆதலின் அவ்வரலாற்றின் சிறப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட வரலாற்றில் அரசர் எவரும் இல்லை. ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமும், சுண்டுவிரலின் பருமனும் உடைய ஒரு நாரின் வரலாறு அது. அந்த நார் உங்கள் முழங்காலுக்குள் இருக்கிறது. என் முழங்காலுக்குள்ளும் இருக்கிறது. அது அறுந்துபோனால் என் செய்வது என்ற வினாவுக்கு விடை காண, பல நாட்டு மருத்துவர்கள் நூறாண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கின்றனர்.

அவர்கள் உழைத்த கதையில், மருத்துவம் பயில்வோர்க்கு மட்டுமன்றி, எத்துறையில் புகுவோர்க்கும் பயன்படும் பாடம் ஒன்று உண்டு. அதைக் கடைசி வரை மறைத்து வைக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்தது என்று கைகழுவிச் சென்றுவிடாமல், ஐந்தாண்டு கழித்துத் திரும்பி வந்து, 'நான் செய்தது இப்போது எப்படி இருக்கிறது?' என்று கேட்பவனாலேயே அறிவு வளர்கிறது. இனிக் கதைக்கு வருவோம்.

முதலில் முழங்காலின் அமைப்பைச் சிறிது காண்போம். மேலே தொடை எலும்பு. கீழே கீழ்க்கால் எலும்பு. தொடை எலும்பின் அடிமுனை இரண்டு உருண்டைகளாக முடிகிறது. கீழ்க்கால் எலும்பின் தலையோ ஏறக்குறையத் தட்டையானது. தட்டின்மேல் இரண்டு எலுமிச்சம்பழங்களை வைத்தாற்போன்ற பொருத்தம் இது. கிண்ணத்துக்குள் பந்து பதிந்தாற்போன்ற இடுப்பு மூட்டின் உறுதி இதற்கு இல்லை. அப்படியானால், ஓடும்போதும் குதிக்கும்போதும் படியிறங்கும்போதும் மேலெலும்பு வழுக்கி விழாமல் நிற்பது எதனால்? எலும்பையும் எலும்பையும் பிணைத்து நிற்கும் நார்களால். மக்கள் பேச்சில் இதனை 'ஜவ்வு' என்கிறார்கள். இந்தப் பேச்சில் நான் பிணைநார் என்று குறிப்பிடுகிறேன். தசையை எலும்போடு கட்டுகின்ற தசைநாண் வேறு, இது வேறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பின்னால் அவ்வேறுபாடு நமக்கு வேண்டியிருக்கும்.

முழங்காலின் நடுவே இரண்டு பிணைநார்கள் பெருக்கற்குறி போல ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. ஒன்று முன் குறுக்குப் பிணைநார்; மற்றொன்று பின் குறுக்குப் பிணைநார். கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், அளவுக்கு மீறித் திருகாமலும் காப்பது முன் குறுக்குப் பிணைநாரின் வேலை. இளைஞர் ஒருவரிடத்தில் அதனை அறுக்க வேண்டுமானால், ஏறத்தாழ 200 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டாற்போன்ற இழுப்பு வேண்டும். அத்துணை வலிய நாரும் ஒரு நொடியில் அறுவதுண்டு. ஓடி வந்தவர் காலை ஊன்றித் திடீரென்று திரும்பும்போதும், உயரக் குதித்தவர் முழங்காலை மடக்காமல் தரையில் இறங்கும்போதும், எதிராளி தொடாமலே அது அறுந்துவிடுகிறது. கால்பந்து, கூடைப்பந்து ஆடுவோரிடத்தும், சடுகுடு என்று நாம் வழங்கும் கபடி ஆடுவோரிடத்தும் இந்தக் காயத்தை மிகுதியாகக் காணலாம்.

இந்த நார்களைப் பண்டையோர் அறியாமல் இல்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென் என்னும் கிரேக்க மருத்துவர், இன்றைய துருக்கி நாட்டில் உள்ள பெர்காமம் நகரில், வாட்போர் வீரர்களுக்கு மருத்துவராய் இருந்தார். மூட்டுகள் பிளந்த காயங்களைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு அவருக்கு அங்கே கிடைத்தது. முழங்காலின் குறுக்கு நார்களை அவர் விளக்கி எழுதினார். எனினும், அவை அறுந்தால் மூட்டு என்ன ஆகும் என்பதை ஆராய்ந்து அறிவதற்கு மேலும் பதினாறு நூற்றாண்டுகள் ஆயின.

1836-ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் வெபர், எட்வார்டு வெபர் என்னும் ஜெர்மானியச் சகோதரர் இருவர், மனிதன் நடக்கும் விதத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். இயற்பியல் பாடத்தில் காந்தப் பாயத்தின் அலகை வெபர் என்று படிக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பெயருக்கு உரியவரே இந்த வில்ஹெல்ம் வெபர். முன் குறுக்குப் பிணைநாரை அறுத்துவிட்டால், கீழ்க்கால் எலும்பு முன்னும் பின்னுமாக இயல்புக்கு மாறாக அசைகிறது என்பதை இவர்கள் சோதித்துக் கண்டனர். அடுத்து, 1845-இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து மருத்துவர் அமெதே பொன்னே, மூட்டு நோய்களைப் பற்றிய பெருநூல் ஒன்றில், இந்நார் அறுந்ததற்கு மூன்று அறிகுறிகளைக் கூறினார். காயமுற்றவருக்கே கேட்கும்படி 'படக்' என்ற ஓசை எழும். மூட்டுக்குள் குருதி சேர்ந்து விரைவில் வீங்கும். கால் பயன்படாது போகும். இன்றும் மருத்துவர்கள் முதலில் விசாரிப்பவை இம்மூன்றுமே. மூட்டை நெடுநாள் அசையாமல் கட்டிவைப்பது கேடு தரும் என்றும் பொன்னே எச்சரித்தார். அவ்வெச்சரிக்கையை உலகம் எவ்வளவு காலம் கழித்துக் கேட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

நோயை அறிந்தும் அக்காலத்து மருத்துவர்கள் மூட்டைத் திறக்கவில்லை. அதற்குக் காரணம் அச்சம். அந்த அச்சமும் தக்க அச்சமே. மூட்டுக்குள் சீழ் பிடித்தால் காலையேனும் உயிரையேனும் இழக்க நேரும். ஆகவே கட்டுப் போட்டுக் காத்திருப்பதே அவர்கள் கண்ட வழி. 1846-இல் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கத்தில் அறுவைச் சிகிச்சை செய்து காட்டப்பட்டது. 1867-இல் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் காயங்களில் சீழ்பிடிப்பதைத் தடுக்கும் முறையை வெளியிட்டார். வலி அடங்கியது, சீழும் கட்டுக்குள் வந்தது. அதன் பின்னரே மூட்டின் கதவு மருத்துவர்க்குத் திறந்தது.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து ஆர்தர் மேயோ ராப்சன் என்பவரே குறுக்குப் பிணைநார்களை முதலில் தைத்தவராகக் கருதப்படுகிறார். ஆண்டு 1895. ரோன்ட்கென் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்ததும் அதே ஆண்டில்தான். ராப்சனிடம் வந்தவர் 41 வயதான சுரங்கத் தொழிலாளி. மண் சரிந்து விழுந்ததில் அவருடைய முழங்கால் நிலைகுலைந்து போயிருந்தது. அறுந்து கிடந்த இரு நார்களையும், விலங்கின் குடலிலிருந்து செய்யப்படும் தையல் நூலால் ராப்சன் தைத்துச் சேர்த்தார். இதனைவிட அவர் அடுத்துச் செய்ததே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. தையல் ஆறியவுடனே 'வெற்றி' என்று அறிவிக்க அவர் விரையவில்லை. ஆறாண்டு கழித்து அத்தொழிலாளியின் காலைப் பார்த்து, அது உறுதியாய் இருப்பதை அறிந்து, அதன் பின்னர் 1903-இல்தான் தம் கட்டுரையை வெளியிட்டார். சுரங்கத் தொழிலாளிக்குக் கால் என்பது சோறு. அந்தக் கால் ஆறாண்டு உழைத்துக் காட்டியதையே ராப்சன் சான்றாகக் கொண்டார்.

ஆனால், ஒருவருக்குப் பலித்தது எல்லார்க்கும் பலிக்கவில்லை. உடலின் வேறிடங்களில் அறுந்த சதையும் நாரும் தைத்தால் ஒட்டிக்கொள்கின்றன. காயத்தில் குருதி உறைந்து கட்டியாகிறது. அக்கட்டியின் மேல் புதுத் திசு வளர்ந்து இரு முனைகளையும் இணைக்கிறது. முழங்காலுக்குள்ளோ எப்போதும் ஒரு வழுக்கு நீர் ஊறிக்கொண்டிருக்கிறது. அந்நீர் நடுவே குருதிக் கட்டி நிலைப்பதில்லை, கரைந்து போகிறது. பாலம் கட்டுவதற்குத் தூண் நிற்கவில்லை என்றால் இருகரையும் எவ்வாறு இணையும்? இக்காரணம் அக்காலத்தில் விளங்கவில்லை. விளைவு மட்டும் விளங்கியது. இங்கிலாந்தின் எலும்பு மருத்துவருள் தலைசிறந்தவராய் விளங்கிய இராபர்ட் ஜோன்ஸ், இந்நார்களைத் தைப்பது வீண் முயற்சி என்றும், இயற்கையாக உண்டாகும் தழும்புத் திசுவையே நம்ப வேண்டும் என்றும் 1916-இல் எழுதினார்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பிரிஸ்டல் நகரத்து எர்னஸ்ட் ஹே குரோவ்ஸ் என்னும் மருத்துவர் வேறொரு வழியில் எண்ணினார். அறுந்த கயிற்றை முடிச்சுப் போட இயலாவிட்டால், புதுக் கயிறு கட்டலாம் அன்றோ? தொடையின் வெளிப்புறத்தில், இடுப்பிலிருந்து முழங்கால் வரை வலிய பட்டை போன்ற உறை ஒன்று உண்டு. அதிலிருந்து நீண்ட துண்டு ஒன்றைப் பிரித்தெடுத்தார். தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளையிட்டு, பழைய நார் சென்ற வழியிலேயே இத்துண்டைச் செலுத்திக் கட்டினார். 1917-இல் இம்முறையை வெளியிட்டார். நூறாண்டு கடந்த பின்னும் இந்த அறுவைச் சிகிச்சையின் அடிப்படை ஹே குரோவ்ஸ் கண்டதேயாகும். நோயாளியின் உடலிலிருந்தே ஒரு நாரை எடுத்துக்கொள்வது, எலும்பில் துளையிட்டு அதனைப் பழைய இடத்தில் பொருத்துவது ஆகிய இரண்டும் அன்று பிறந்தவை.

எந்த நாரை எடுப்பது என்பதில் பின்வந்தோர் பல வழிகளை முயன்றனர். முன்பு நான் சொன்ன தசைநாண் இங்கே பயன்படுகிறது. 1934-இல் இத்தாலியின் மிலான் நகரத்து ரிக்கார்டோ கலியாட்சி, தொடையின் பின்புறத்துத் தசைநாண் ஒன்றைப் பயன்படுத்தினார். 1963-இல் அமெரிக்கரான கென்னத் ஜோன்ஸ், முழங்காற் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணின் நடுப்பகுதியை எடுத்து, அதன் கீழ்முனையை எலும்போடு இருக்கவிட்டுப் பயன்படுத்தினார். அத்துண்டை இருபுறமும் எலும்புத் துணுக்கோடு முழுவதுமாகப் பெயர்த்தெடுத்துப் பொருத்தும் முறையை 1960-களில் ஜெர்மனியில் புரூக்னர், பிராங்கே ஆகியோர் எழுதினர். துளையில் எலும்போடு எலும்பு ஒட்டிக்கொள்வது எளிது என்பது இம்முறையின் சிறப்பு.

இங்கே என் ஆசிரியப் பணிக்காலத்து நினைவு ஒன்றைச் சொல்லலாம். மாவட்ட விளையாட்டுப் போட்டிகளில் சடுகுடுக் களத்தில் முழங்கால் திருகி விழுந்த பிள்ளைகள் சிலரை நான் கண்டிருக்கிறேன். சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து நீவுவார்கள். துணி சுற்றிக் கட்டுவார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வடியும். பிள்ளையும் நேராக நடப்பான். நேராக நடப்பதற்கு அறுந்த நார் பெரிதும் தேவைப்படுவதில்லை. மறுபடி களத்தில் இறங்கி, பாடிச் சென்று, பிடிக்க வந்தவரிடமிருந்து உடலைத் திருப்பும் அந்தக் கணத்தில், "கால் நழுவுது சார்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவான். அச்சொல்லை நான் ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். வலிக்கிறது என்று அவர்கள் சொல்வதில்லை. நழுவுகிறது என்றே சொல்வார்கள். கால் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்னும் திகைப்பு அவர்கள் முகத்தில் இருக்கும். நழுவும் ஒவ்வொரு முறையும் மூட்டினுள் மெத்தை போலுள்ள குருத்து நசுங்கிக் கிழியக்கூடும் என்பதே இதிலுள்ள பெருந்தீங்கு.

இக்காயத்தைக் கையாலேயே கண்டறியும் எளிய முறை ஒன்று உண்டு. முழங்காலைச் சிறிது மடக்கி, ஒரு கையால் தொடையைப் பற்றிக்கொண்டு, மறுகையால் கீழ்க்காலை முன்னே இழுத்துப் பார்த்தால், நார் அறுந்த கால் தடையின்றி முன்வரும். 1976-இல் அமெரிக்க மருத்துவர் ஜோசப் டார்க் இதனை விளக்கி எழுதி, தமக்கு வழிகாட்டிய மூத்தவரான ஜான் லாக்மன் பெயரைச் சூட்டினார். உலகெங்கும் இன்று லாக்மன் சோதனை என்றே வழங்குகிறது. ஆனால் இத்தகைய சோதனையை ஜார்ஜ் நூலிஸ் என்னும் கிரேக்கர், 1875-இல் பாரிசில் அளித்த ஆய்வுரையிலேயே விளக்கியிருந்தார். நூறாண்டு அது நூலகத்தில் உறங்கியது. கண்டுபிடிப்பது ஒரு பாதி என்றால், அதனைக் கற்பித்துப் பரப்புவது மறுபாதி என்பதற்கு இதுவே சான்று.

அதே 1976-ஆம் ஆண்டில் இக்கதையின் மிக முக்கியமான நிகழ்ச்சி நடந்தது. அமெரிக்காவில் வெஸ்ட் பாயிண்ட் என்னும் இடத்தில் இராணுவ அதிகாரிகளைப் பயிற்றும் கல்லூரி உள்ளது. அங்கு காயமுற்ற இளம் வீரர்களுக்கு, அறுந்த முன் குறுக்குப் பிணைநாரைத் தைத்துச் சிகிச்சை செய்திருந்தனர். இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது, பெரும்பாலோர் நலமாயிருந்தனர். வேறொருவராயின் அத்துடன் நிறுத்தி, வெற்றி என்று எழுதியிருப்பார். ஜான் ஃபீகின் என்னும் இராணுவ மருத்துவரும் அவருடன் வால்டன் கர்ல் என்பவரும் ஐந்தாண்டு கழித்து மீண்டும் பார்த்தனர். 32 பேரைப் பற்றிய செய்திகளைத் திரட்டினர். அவர்களுள் மிகப் பலருக்குக் கால் நழுவியது. பலருக்கு வலியும் வீக்கமும் இருந்தன. பாதிப்பேர் அளவுக்கு மறுபடி காயமுற்றிருந்தனர். இரண்டாம் ஆண்டில் கண்ட நலம், ஐந்தாம் ஆண்டில் கரைந்துபோயிருந்தது.

இதனை அவர்கள் மறைக்கவில்லை. தாங்கள் செய்த சிகிச்சை நிலைக்கவில்லை என்பதை, எண்களோடு, தங்கள் பெயரிட்டு வெளியிட்டனர். அறுந்த நாரை வெறுமனே தைக்கும் வழக்கத்தை மருத்துவ உலகம் கைவிட்டுப் புதுநார் பொருத்தும் முறைக்குத் திரும்பியதில், அந்தக் கட்டுரைக்குப் பெரும்பங்கு உண்டு. அதன் பிறகு எத்தனை இளைஞர் பயனற்ற அறுவையிலிருந்து தப்பினர் என்று எண்ணிப் பாருங்கள். வெற்றியைப் பறைசாற்றிய பல கட்டுரைகளைவிட, தோல்வியை ஒப்புக்கொண்ட இந்த ஒன்று மனிதர்க்கு மிகுந்த நன்மை செய்தது.

இனி, மூட்டுக்குள் பார்க்கும் கலை வளர்ந்த விதத்தைக் கூற வேண்டும். ஹே குரோவ்ஸ் காலத்தில் முழங்காலை அகலத் திறந்தே வேலை செய்தனர். ஜப்பானில் அக்காலத்தில் எலும்புருக்கி நோயால் பலருக்கு முழங்கால் மடங்காமல் விறைத்துப்போயிற்று. தரையில் மண்டியிட்டு அமர்வதே பண்பாடாகக் கொண்ட நாட்டில் அது எவ்வளவு பெரிய துன்பம் என்பது, சம்மணமிட்டு இலைமுன் அமரும் நமக்கு எளிதில் விளங்கும். நோயைத் தொடக்கத்திலேயே காண வேண்டும் என்று விரும்பிய டோக்கியோப் பேராசிரியர் கென்ஜி தகாகி, 1918-இல், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாய்க் கருவியைப் பிணம் ஒன்றின் முழங்காலுக்குள் செலுத்திப் பார்த்தார். அவர் மாணவர் மசாகி வடனபே அக்கருவியைத் திரும்பத் திரும்பத் திருத்தினார். 1950-களின் இறுதியில் அவர் உருவாக்கிய 21-ஆம் எண் கருவியே நன்கு பயன்பட்டது. இருபத்தோராம் எண் என்றால், அதற்கு முன் எத்தனை மாதிரிகள் வந்துபோயின என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். 1962-இல் வடனபே அக்கருவியின் துணையால், கிழிந்த குருத்தின் பகுதியைச் சிறு துளை வழியாகவே அகற்றினார். 1964-இல் டோக்கியோவுக்கு வந்த கனடா நாட்டு இராபர்ட் ஜாக்சன், இக்கலையை அவரிடம் பயின்று மேலை நாடுகளுக்குக் கொண்டுசென்றார். 1980-இல் இங்கிலாந்தில் டேவிட் டேண்டி என்பவர், இவ்வாறு உள்நோக்கியபடியே முன் குறுக்குப் பிணைநாரைப் புதிதாகப் பொருத்தினார்.

அந்த 1970-களிலும் 1980-களிலும் மற்றொரு முயற்சி நடந்தது. நோயாளியின் உடலில் நாரை எடுப்பானேன், ஆலையில் செய்த இழையையே வைக்கலாமே என்று கார்பன் இழை, டாக்ரான் முதலியவற்றைப் பொருத்தினர். முதல் சில மாதங்கள் அதிசயம்போல் இருந்தது. நோயாளி விரைவில் எழுந்து நடந்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல, எலும்பில் உரசி உரசி இழை தேய்ந்தது; துகள்கள் மூட்டுக்குள் சிதறி வீக்கம் உண்டாக்கின; பல இழைகள் அறுந்தே போயின. உயிருள்ள நார் தேய்ந்தால் உடல் அதனைச் செப்பனிடும். ஆலை இழைக்கு அந்த வாய்ப்பு இல்லை. இதனையும் உலகுக்கு உணர்த்தியது ஆண்டுகள் கழித்துக் கேட்கப்பட்ட அதே கேள்விதான்.

இக்காலத்தில் இச்சிகிச்சை எவ்வாறு நடைபெறுகிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். எம்.ஆர்.ஐ. படம் எடுத்துக் காயத்தை உறுதி செய்கின்றனர். அறுவையின்போது முழங்காலின் முன்புறம் இரண்டு மூன்று சிறு துளைகள் இட்டு, ஒன்றின் வழியே எழுதுகோல் பருமனுள்ள உள்நோக்கியைச் செலுத்தித் திரையில் பார்க்கின்றனர். சில்லின் கீழுள்ள தசைநாணையோ, தொடையின் பின்புறத்துத் தசைநாண்களையோ எடுத்து, எலும்புத் துளைகளின் வழியே இழுத்து, திருகாணியாலோ சிறு உலோகப் பொத்தானாலோ இறுக்குகின்றனர். வேலை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிகிறது. ஆனால் உடல் செய்ய வேண்டிய வேலை அப்போதுதான் தொடங்குகிறது. பொருத்திய தசைநாணில் உள்ள உயிரணுக்கள் முதலில் மடிகின்றன. பின்பு புதுக் குருதிக் குழாய்கள் அதனுள் வளர்கின்றன. மாதக்கணக்கில் அது சிறிது சிறிதாகப் பிணைநாராக மாறுகிறது. நட்ட நாற்று பச்சை பிடிக்குமுன் ஒருமுறை வாடி நிற்பது போல, பொருத்திய நாரும் வலிமை குன்றியே பின்னர் வலுப்பெறுகிறது.

அறுவைக்குப் பின் காலைப் பல வாரம் அசையாமல் கட்டிவைப்பதே முன்னாள் வழக்கம். 1990-இல் அமெரிக்க மருத்துவர் டொனால்டு ஷெல்போர்ன், தம் துணைவர் நிட்ஸ் என்பவருடன் எழுதிய கட்டுரை இதனை மாற்றியது. சொற்கேளாமல் முன்னதாகவே காலை நீட்டி மடக்கி நடந்த நோயாளிகள், சொன்னபடி கேட்டவர்களைக் காட்டிலும் நலமாயிருப்பதை ஷெல்போர்ன் கவனித்தார். அவர்களைக் கடிந்துகொள்வதை விடுத்து, அதற்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்து, தம் முறையையே மாற்றிக்கொண்டார். பொன்னே 1845-இல் சொன்ன எச்சரிக்கை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து இவ்வாறு செவியேறியது.

அறுவை எல்லார்க்கும் வேண்டுமா? இக்கேள்வியை ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் நேர்மையாகக் கேட்டனர். 18 முதல் 35 வயது வரையுள்ள, விளையாட்டில் ஈடுபாடுடைய 121 பேரைச் சீட்டுப் போட்டாற்போல இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு விரைவில் அறுவை. மறு பிரிவினர்க்கு முதலில் உடற்பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பின்னர் அறுவை. 2010-இல் இரண்டாண்டு முடிவையும், 2013-இல் ஐந்தாண்டு முடிவையும் வெளியிட்டனர். தம் கால் எவ்வாறு உள்ளது என்று நோயாளிகளே கூறியதை ஒப்பிட்டபோது, இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரண்டாம் பிரிவில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஐந்தாண்டுக்குள் அறுவையை நாடினர். மீதிப் பாதிப்பேர்க்கு அது தேவைப்படவே இல்லை. விளையாட்டையே தொழிலாகக் கொண்டவர்கள் இந்த ஆராய்ச்சியில் சேர்க்கப்படவில்லை என்பதையும் மறக்கலாகாது. யாருக்கு எது தகும் என்பதை, காலைச் சோதித்த மருத்துவரும், அந்தக் காலால் வாழப்போகிறவரும் கலந்து முடிவு செய்ய வேண்டும். எவ்வழியைத் தேர்ந்தாலும், பத்து இருபது ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு காயமுறாதவரைவிட மிகுதி என்பதும் ஆராய்ச்சியால் கண்ட உண்மையே.

கதை இங்கே முடியவில்லை. தொடங்கிய இடத்தை நோக்கியே திரும்புகிறது. தைத்த நார் ஏன் ஒட்டவில்லை என்ற பழைய புதிரை, பாஸ்டன் நகரத்து மார்த்தா மர்ரே என்னும் பெண் மருத்துவர் ஆராய்ந்தார். குருதிக் கட்டி நிலைக்காததே காரணம் என்று கண்டு, அதனை நிலைக்கச் செய்ய ஒரு வழி தேடினார். கொலாஜன் என்னும் புரதத்தால் ஆன பஞ்சு போன்ற துண்டை நோயாளியின் குருதியிலேயே தோய்த்து, அறுந்த முனைகளுக்கு இடையே வைத்துத் தைக்கும் முறையை வகுத்தார். 2015-இல் முதன்முதலாக மனிதரிடம் இது சோதிக்கப்பட்டது. 2020 டிசம்பரில் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி வழங்கியது. ராப்சன் தொடங்கிய தையலுக்கு, நூற்று இருபது ஆண்டு கழித்து இவ்வாறு மறுவாழ்வு கிடைத்தது. இது நிலைக்குமா என்பதைக் காலம் சொல்ல வேண்டும். ஃபீகின் போல ஐந்தாண்டும் பத்தாண்டும் கழித்துப் பார்ப்பவர்களே அதனைச் சொல்வார்கள்.

மாணவ நண்பர்களே, உங்களுள் ஆடுகளத்தில் இறங்குவோர்க்கு இரண்டு சொல். குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்கி இறங்கவும், உடலைச் சமநிலையில் நிறுத்தவும், தொடைத் தசைகளை வலுப்படுத்தவும் முறையாகப் பயிற்சி செய்தால், இக்காயம் ஏறத்தாழப் பாதியளவு குறைகிறது என்று பல ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. வாரத்தில் சில நாள் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். இந்தக் காயம் ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு வரும் வாய்ப்பு மிகுதியாதலின், மாணவியர்க்கு இப்பயிற்சி மிகவும் வேண்டும். இரண்டாவது சொல், அறுவை செய்துகொண்டவர்க்கு உரியது. வலி நின்றுவிட்டது என்று அவசரப்பட்டுக் களம் இறங்காதீர்கள். ஒன்பது மாதம் வரை, மீண்டும் ஆடுவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2016-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. போட்டி அடுத்த ஆண்டும் வரும்.

ஆடாதவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. நாளை உங்களுள் ஒருவர் பாலம் கட்டுவீர்கள். ஒருவர் வகுப்பு நடத்துவீர்கள். ஒருவர் நோய் தீர்ப்பீர்கள். கட்டிய பாலத்தின்மீது ஐந்தாண்டு கழித்து நடந்து பாருங்கள். கற்பித்த பிள்ளையை ஐந்தாண்டு கழித்துக் கண்டு, என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள். சிகிச்சை பெற்றுச் சென்றவரை அழைத்து நலம் விசாரியுங்கள். கிடைக்கும் விடை கசந்தாலும், அதனை ஒளிக்காமல் பிறர்க்குச் சொல்லுங்கள். பின்வருவோர் அந்த இடத்திலிருந்து மேலே செல்வார்கள்.